தடமில்லாத அரிப்பு

1

அக்கா குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரத்துக்கு யாரும் அவளோடு பேச மாட்டோம். யாரும் சொல்லி வைத்த விதி இல்லை, அதுவாகப் பழகிப்போனது. ஈரத் துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்கட்டில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடப்பாள். பற்களைக் கடித்துக்கொண்டிருப்பது தாடையைப் பார்த்தாலே தெரியும். தொடையிலும் முன்கையிலும் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். சொறிய மாட்டாள். சொறிந்தால் இன்னும் அதிகமாகும் என்று அவளுக்குத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு மாடிக்கு மேலே அண்ணாமலை தெரியும். அவள் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டு நடக்கிறாள் என்றுதான் தெருவில் சிலர் நினைத்திருந்தார்கள்.

முப்பது, நாற்பது நிமிடம் கழித்து அது தானாக அடங்கும். பிறகு வந்து, எதுவுமே நடக்காதது போல உலையில் அரிசி போடுவாள்.

"என்னக்கா ஆச்சு?"

"தண்ணி பட்டா அரிக்குதுடா. ஊசிய வெச்சு உள்ளயிருந்து குத்துற மாதிரி இருக்குது."

கையை வாங்கிப் பார்ப்பேன். ஒன்றுமே இருக்காது. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, ஒரு பொரி கூட இல்லை. அப்போதுதான் குளித்து வந்த சுத்தமான கை. அப்போது எனக்கு இருபத்தோரு வயது. நிறையப் படித்திருக்கிறேன் என்ற நினைப்பு வேறு. நான் சொன்னேன்: "தண்ணி பட்டா யாருக்காவது அரிக்குமாக்கா? எல்லாம் உன் மனசுல இருக்குது."

அவள் பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு சில வருடங்கள் அவள் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். ஒருவர் தன் உடலில் நடப்பதைச் சொல்கிறார். நம் கண்ணுக்கு அது தெரியவில்லை. அந்த நேரத்தில் நாம் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்?

2

முதலில் நோயைப் பற்றி. தண்ணீர் பட்டால் அரிக்கும். உண்மையாகவே அரிக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. 1964இல் ஷெல்லி, ரான்ஸ்லி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் தண்ணீர் பட்ட இடத்தில் சின்னச் சின்னத் தடிப்புகள் எழும் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அது தண்ணீரால் வரும் படை, ‘அக்வாஜெனிக் அர்ட்டிகேரியா’. அது மிகவும் அரிது. செய்திகளில் ‘தண்ணீர் அலர்ஜி உள்ள பெண்’ என்று அவ்வப்போது வருவது பெரும்பாலும் இதுதான். தடிப்பு இருக்கிறது, புகைப்படம் எடுக்கலாம், எனவே செய்தியாகிறது.

இரண்டாவது வகைக்குப் படமே கிடையாது. தண்ணீர் பட்டுச் சில நிமிடங்களில் அரிப்போ குத்தலோ எரிச்சலோ தொடங்கும். பத்து நிமிடத்திலும் அடங்கலாம், இரண்டு மணி நேரமும் இழுக்கலாம். தோலில் மட்டும் எதுவும் தெரியாது. 1970இல் ஷெல்லியே இதற்கு ‘அக்வாஜெனிக் ப்ரூரைட்டஸ்’ என்று பெயர் வைத்தார். லண்டனில் கிரீவ்ஸும் அவருடைய சக மருத்துவர்களும் 1981இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். 1985இல் ஸ்டைன்மனும் கிரீவ்ஸும் 36 நோயாளிகளைக் கவனித்து, இதை எப்படி அடையாளம் காண்பது என்று வரையறுத்தார்கள். தண்ணீர் எந்தச் சூட்டில் இருந்தாலும் அரிப்பு வர வேண்டும். பட்ட சில நிமிடங்களுக்குள் வர வேண்டும். வேறு தோல் நோயோ உள் நோயோ காரணமாக இருக்கக் கூடாது. தோலில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் திரையை மூடி வைத்துவிட்டேன். அக்காவை நம்பாமல் இருக்க நான் கண்டுபிடித்திருந்த காரணம், நோயின் இலக்கணத்தில் ஒரு வரி. ஒன்றும் தெரியவில்லை என்பது அவளுக்கு எதிரான சாட்சியம் என்று நினைத்திருந்தேன். அது அவளுக்கு ஆதரவான சாட்சியமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் புரிந்தது. அக்கா பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் அந்தச் சில வருடங்களில் சோப்பை நிறுத்திப் பயத்தமாவுக்கு மாறினாள். போர் தண்ணீரில் உப்பு என்று சாத்தனூர் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்துக் குளித்தாள். அதுவும் சரிவரவில்லை என்று ஒரு நாள் கேன் தண்ணீரை வாளியில் ஊற்றிக் குளித்து அம்மாவிடம் திட்டு வாங்கினாள். வெந்நீர், பச்சைத் தண்ணீர், காலை, ராத்திரி. எல்லாவற்றிலும் அரித்தது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பது சோதனை முறை என்று எனக்குக் கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். அதை வீட்டில் செய்துகொண்டிருந்தவள் அவள். மனசு என்று ஒரே வார்த்தையில் முடித்தவன் நான்.

இந்த அரிப்புக்குப் பின்னால் சிலசமயம் பெரிய விஷயம் ஒளிந்திருக்கும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் தடிக்கும் ‘பாலிசைத்தீமியா வேரா’ என்ற ரத்தப் புற்று வகை ஒன்று இருக்கிறது. அது உள்ளவர்களில் கணிசமானோருக்குக் குளித்த பிறகு அரிப்பு வரும். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அரிப்பு தொடங்கிவிடுவதும் உண்டு. கவனிக்காமல் விட்டால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரைக்கும் போகலாம். அந்த நோயாளிகளில் பெரும்பாலானோரிடம் ஜாக் 2 என்ற மரபணுவில் ஒரு பிறழ்வு இருப்பது 2005இல் தெரியவந்தது. ஆனால் முதல் சந்தேகத்துக்குச் சாதாரண ரத்த அணுப் பரிசோதனையே போதும். ‘எல்லாம் மனசுல’ என்று சொல்பவர் ஒரு ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை. செய்திருக்க வேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடுகிறார்.

3

ஏன் நம்புவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

ஒரு காரணம், தண்ணீரைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம். தண்ணீர் நல்லது. அதில் சந்தேகத்துக்கே இடம் இல்லை. காலையில் "குளிச்சியா?" என்று கேட்பது வெறும் விசாரிப்பு கிடையாது. சாமி அறைக்குள் போகலாமா, அடுப்பைப் பற்றவைக்கலாமா என்பதெல்லாம் அந்தப் பதிலில் இருக்கிறது. உறவை முறித்தால் ‘தலை முழுகிட்டேன்’ என்கிறோம். ஒருவனைக் கைவிட்டால் ‘தண்ணி தெளிச்சு விட்டாச்சு’ என்கிறோம். நல்லதற்கும் கெட்டதற்கும் முடிவு சொல்ல நமக்குத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் தன்னைக் குத்துகிறது என்று ஒருத்தி சொன்னால், பொய் சொல்கிறாள் என்றோ அவளிடம் ஏதோ குற்றம் இருக்கிறது என்றோ நினைப்பது நமக்குச் சுலபம். அக்காவின் மாமியார் சொன்னது இது: "குளிக்கச் சோம்பேறித்தனம். அதுக்கு ஒரு நோவு பேரு." பிறகு யாரோ குலதெய்வக் குத்தம் என்றார்கள். அதற்கும் ஒரு பயணம் போய்வந்தார்கள்.

சுத்தம் என்ற சொல் இந்த நாட்டில் எப்போதும் தண்ணீரை மட்டும் குறித்ததில்லை. யார் எந்தக் குளத்தைத் தொடலாம் என்பதை வைத்து மனிதர்களைப் பிரித்த நாடு இது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாட் ஊரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது தாகத்துக்காக அல்ல. அக்காவுக்கு நடந்ததை அந்தக் கொடுமையோடு நான் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் முடியாது. ஆனால் ‘குளிக்காதவள்’ என்ற சொல் ஒரு வீட்டுக்குள் இவ்வளவு கூர்மையாக எப்படிக் குத்துகிறது என்று யோசித்தால், அந்தக் கத்தி எந்தப் பட்டறையில் தீட்டப்பட்டது என்பது தெரியும்.

இரண்டாவது காரணம், அரிப்பு என்ற சொல்லே. வலிக்கு நம் மொழியில் மரியாதை உண்டு. ‘வலியோடு எழுதினார்’ என்றால் கைதட்டுவோம். அரிப்போடு எழுதினார் என்றால் சிரிப்போம். பூனைக்காலிச் சுணையைச் சட்டைக்குள் போட்டுவிட்டு ஒருவன் துள்ளுவதைப் பார்ப்பது நமக்கு விளையாட்டு. ஒரு பெண்ணை வசைபாட வேண்டுமென்றால் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "எனக்கு அரிக்குது" என்று ஒரு பெண் கூடத்தில் நின்று சத்தமாகச் சொல்ல முடியாது. அக்கா முதலில் பல மாதங்கள் ‘எரியுது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை முதலில் பார்த்த மருத்துவர் சூட்டுக்கு ஒரு களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார். தன் நோயைச் சொல்ல ஒரு கௌரவமான சொல் கிடைக்காததும் அந்த நோயின் ஒரு பகுதிதான்.

மருத்துவத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். நீண்ட காலம், அரிப்பு என்பது குறைந்த அளவு வலி என்றே பலரும் கருதிவந்தார்கள். 1997இல்தான் மனிதத் தோலில் அரிப்புக்கென்றே வேலை செய்யும் மெல்லிய நரம்பு இழைகள் இருப்பதை ஷ்மெல்ஸும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். அரிப்பு ஒரு தனி உணர்வு என்று நிரூபணமாக அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

4

விட்கன்ஸ்டைன் ஒரு கற்பனை சொல்கிறார். எல்லோர் கையிலும் ஒரு பெட்டி. உள்ளே இருப்பதை எல்லோரும் ‘வண்டு’ என்கிறார்கள். அடுத்தவர் பெட்டிக்குள் யாராலும் பார்க்க முடியாது. அப்படியென்றால் ‘வண்டு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? சொல்லின் பொருள் பெட்டிக்குள் இருக்கும் அந்தரங்கப் பொருளிலிருந்து வருவதில்லை, நாம் சேர்ந்து அதைப் பயன்படுத்தும் விதத்திலிருந்து வருகிறது என்பது அவர் காட்ட விரும்பியது. நான் இதைக் கல்லூரியில் படித்தபோது புத்திசாலித்தனமான புதிராகத்தான் தெரிந்தது. பின்கட்டில் அக்கா நடப்பதை நினைத்துக்கொண்டு படித்தபோது வேறு மாதிரி இருந்தது. அவள் பெட்டிக்குள் இருந்ததை நான் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பற்களைக் கடித்தது, துண்டைப் பிடித்தது, குளியலைத் தள்ளித் தள்ளிப் போட்டது எல்லாம் பெட்டிக்கு வெளியேதான் நடந்துகொண்டிருந்தன. அந்தச் சொல்லை நாம் எப்போது பயன்படுத்துவோமோ அதற்கான எல்லா அடையாளங்களும் அங்கே இருந்தன. தோலில் மட்டும் அடையாளம் தேடியது நான்.

எலைன் ஸ்கேரி 1985இல் எழுதிய ‘த பாடி இன் பெயின்’ நூலில் ஒரு கருத்து உண்டு. வலியை உடையவருக்கு அதைவிட நிச்சயமானது வேறெதுவும் இல்லை. கேட்பவருக்கோ சந்தேகம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் இதற்கு அறம் சார்ந்த ஒரு பெயர் வைத்தார். ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்வதன் மதிப்பைக் குறைப்பது ஒரு தனி வகை அநீதி என்றார். அவர் அறிந்தவர் என்ற இடத்திலிருந்து அவரை இறக்கிவிடுகிறோம். ‘பொம்பளைங்க எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க’ என்பது அதன் தமிழ் வடிவம்.

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி வரும். யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிவிட வேண்டுமா? வேலைக்கு வராமலிருக்க வயிற்றுவலி சொல்பவர்கள் இல்லையா? பயத்தால் உடலில் நிஜமாகவே ஏதேதோ தோன்றுவது இல்லையா?

இருக்கிறது. அதனால் இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘எனக்கு அரிக்கிறது’ என்பது ஒன்று. ‘இந்தக் காரணத்தால் அரிக்கிறது’ என்பது இன்னொன்று. முதலாவதற்கு அவளை விட்டால் சாட்சி கிடையாது. இரண்டாவதற்கு அவள் மற்றவர்களைப் போலவே ஊகிப்பவள். போர் தண்ணீரின் உப்புதான் காரணம் என்று அக்கா நினைத்தாள், அது தவறு. குலதெய்வக் குத்தம் என்பதை அவளே பாதி நம்பினாள், அதை மறுக்க எனக்கு உரிமை இருந்தது. நான் செய்த தப்பு சந்தேகப்பட்டதில் இல்லை. காரணத்தின் மீது வைக்க வேண்டிய சந்தேகத்தை அனுபவத்தின் மீது வைத்தேன்.

‘மனசுல இருக்குது’ என்பது ஒரு காரண விளக்கம். சரியாகவே இருந்தாலும்கூட அது அரிப்பை இல்லாமல் ஆக்கிவிடாது. மனசிலிருந்து வரும் அரிப்பும் அரிக்கத்தான் செய்யும், அதற்கும் மருத்துவம் உண்டு. ஆனால் நாம் அந்த வாக்கியத்தை விளக்கமாகச் சொல்வதில்லை, பேச்சை முடிக்கச் சொல்கிறோம். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. விளக்கத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி வரும்: ‘எப்ப ஆரம்பிச்சுது? எவ்வளவு நேரம் இருக்குது?’ தீர்ப்புக்குப் பின்னால் எதுவும் வராது.

எதையும் கேட்காமல் "ஆமாம்மா, பாவம்" என்று நம்பிவிடுவதும் இதேபோன்ற கைகழுவல்தான். அப்படி நம்பியவர்களும் யாரும் அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகவில்லை. நம்புவது என்றால் விசாரிக்கத் தொடங்குவது.

போலி சொல்பவர் பற்றிய பயத்துக்கு ஒரு கணக்கும் போடலாம். பொய்யை நம்பிவிட்டால் நமக்கு என்ன நஷ்டம்? கொஞ்ச நேரம், ஒரு பரிசோதனைச் செலவு, கொஞ்சம் அசட்டுத்தனம். உண்மையை நம்பாமல் போனால்? அவர் நோயோடு தனியாகிறார். அதற்கும் மேல், தன் உடலைத் தானே சந்தேகிக்கக் கற்றுக்கொள்கிறார். அக்கா ஒரு கட்டத்தில் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்: "எனக்குப் பைத்தியமாம்மா?"

5

இதெல்லாம் நடந்தது திருவண்ணாமலையில். பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்பு. நீர்த்தலம் திருவானைக்காவல், இங்கிருந்து தெற்கே தூரத்தில் இருக்கிறது. இந்த ஊரில் உடலைப் பற்றிப் புகார் சொன்னால், நோய்க்கு மருந்து சொல்பவர்களைவிடத் தத்துவம் சொல்பவர்கள் அதிகமாக அகப்படுவார்கள். ஆசிரமங்களுக்குப் போய்வரும் தூரத்து உறவினர் ஒருவர் அக்காவிடம் மிகவும் கனிவாகச் சொன்னார்: "நான் இந்த ஒடம்பு இல்லைன்னு நெனச்சுக்கோம்மா. அரிப்பு ஒடம்புக்குத்தான்."

ரமணரை மனதில் வைத்துச் சொன்னது அது. ரமணர் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயது வேங்கடராமன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அய்யங்குளத்தருகே தலையை மழித்துக்கொண்டார். மழித்தால் குளிக்க வேண்டும், இந்த உடலுக்குக் குளியல் எதற்கு என்று அவர் குளிக்காமலே கோயிலுக்குள் போக, வாசலில் ஒரு மழை பெய்து அவரை நனைத்தது என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு ஆயிரங்கால் மண்டபம், அதற்குக் கீழே இருட்டில் பாதாள லிங்கம். அங்கே பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கி, சீழும் ரத்தமும் வடிந்தபோதும் அவர் அசையவில்லை. தன் தோலில் நடந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

பெரும்பாலும் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறோம். அது அங்கே நிற்கவில்லை. கல்லெறிந்த பையன்களிடமிருந்து அவரைக் காக்க சேஷாத்ரி சுவாமிகள் முயன்றார். வேங்கடாசல முதலி என்பவர் உள்ளே போய் அந்த நிலையைப் பார்த்து, வேறு சிலரோடு சேர்ந்து அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார். சமாதியில் இருந்தவருக்குத் தன் தொடை தெரியவில்லை. தூக்கி வந்தவர்களுக்குத் தெரிந்தது. ‘அவர் உடல் இல்லையே, புண் உடலுக்குத்தானே’ என்று அவர்கள் படியேறிப் போய்விடவில்லை. போயிருந்தால் இந்த ஊருக்கு ரமணர் கிடைத்திருக்கமாட்டார். 1949இல் இடது கையில் வந்த கட்டிக்குத் திரும்பத் திரும்ப அறுவை செய்தார்கள். அதையும் அவர் தடுக்கவில்லை. மருத்துவர்கள் தங்கள் கவலையைச் செய்ய அனுமதித்தார். 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். ‘நான் இந்த உடல் அல்ல’ என்பது தன்மையில் மட்டும் சொல்லக்கூடிய வாக்கியம். அதை முன்னிலைக்கு மாற்றி, ‘நீ இந்த உடல் அல்ல’ என்று துடித்துக்கொண்டிருப்பவரிடம் சொன்னால் அதே சொற்கள் கொடுமையாகிவிடுகின்றன. என் பசியை நான் தவமாக்கிக்கொள்ளலாம். உன் பசியை உனக்குத் தவமாக்கித்தர எனக்கு உரிமை கிடையாது. துறவு என்பது தன்னுடையதைத் துறப்பது. அடுத்தவர் வேதனையைத் துறப்பதற்கு வேறு பெயர்.

தோலைப் பற்றி இந்தக் கோயிலில் இன்னொரு கதையும் உண்டு. அருணகிரிநாதர் தீராத் தொழுநோயோடு வல்லாள மகாராஜா கோபுரத்தின் மேலிருந்து குதித்தார் என்றும் முருகன் தாங்கிக்கொண்டான் என்றும் சொல்கிறார்கள். வரலாறு என்று சொல்ல மாட்டேன், ஊர் சொல்லும் கதை. அதிலும் ஓர் அக்கா இருக்கிறாள். அவருடைய நோய் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தெரிந்ததால் விரட்டப்பட்டார். என் அக்காவின் நோய் யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் நம்பப்படவில்லை. தெரியும் தோல் நோயைப் பார்த்து விலகுகிறோம், தெரியாததைப் பார்த்துச் சிரிக்கிறோம். அப்படியென்றால் பிரச்சினை ஆதாரத்தில் மட்டும் இல்லை. அடுத்தவர் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு அவ்வளவாக விருப்பம் இல்லை.

6

ஓர் ஐப்பசிப் பௌர்ணமி. அக்காவும் நானும் கிரிவலம் போனோம். கிளம்பும்போது அவள் குடையை எடுத்தாள். "பதினாலு கிலோமீட்டர் குடையத் தூக்கிட்டு நடப்பியா? மழை வந்தா எல்லாரும் நனையத்தான் போறாங்க. உனக்கு மட்டும் என்ன?" என்று நான்தான் அதை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

நிருதி லிங்கம் தாண்டி வருண லிங்கம் நோக்கிப் போகும்போது மழை பிடித்தது. வருணன் சன்னதிக்குப் போகும் வழியில் மழை என்று கூட்டம் ஒரே சந்தோஷத்தில் ‘அரோகரா’ போட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா இல்லை. பின்னால் போய்த் தேடினேன். சாத்தியிருந்த ஒரு டீக்கடையின் ஓலைச் சார்ப்பில் நின்றிருந்தாள். வெறுங்காலைச் சரளைக் கல்லில் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது முன்கையை வலது கை பிடித்திருந்தது. விரல்களை விலக்கிப் பார்த்தேன். நான்கு நகங்கள் பதிந்து, பிறை பிறையாக ரத்தம் கட்டியிருந்தது.

"இன்னாக்கா இது?"

"வலிச்சா அரிப்பு கொஞ்சம் தெரியாதுடா" என்றாள்.

அன்றைக்குத்தான் நான் நம்பினேன். அந்த நகக்குறிகளைப் பார்த்து. பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவளை அல்ல, அவள் தன் கையில் தானே போட்டுக்கொண்ட நான்கு தடயங்களை நம்பினேன். தோலில் ஏதாவது காட்டு, பிறகு நம்புகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். கடைசியில் அவள் காட்டிவிட்டாள். இதை எழுதும்போதும் அந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்குச் சிரமமாக இருக்கிறது.

வலி அரிப்பை மட்டுப்படுத்தும் என்பது நரம்பியலும் ஒப்புக்கொள்ளும் விஷயம் என்று பிறகு படித்தேன். அதையும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

வெளியூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் கையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "குளிச்சு எத்தனை நிமிஷத்துல ஆரம்பிக்குதும்மா? வெந்நீர்லயும் வருதா? தடிப்பு ஏதும் வராதே?" மூன்று கேள்விகள்தான். அக்கா அழுதுவிட்டாள். நோய்க்காக அழவில்லை. ரத்தப் பரிசோதனையில் அணுக்கள் சரியாக இருந்தன, பெரிய நோய் இல்லை என்றார்.

மருந்து ஒரே அடியாக எதையும் தீர்க்கவில்லை. இந்த அரிப்புக்கு வழக்கமான அலர்ஜி மாத்திரை சிலருக்குக் கேட்கும், பலருக்குப் போதாது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் குளிப்பது சிலருக்கு உதவுகிறது. புற ஊதாக் கதிர் சிகிச்சை, ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் என்று மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் வழிகள் இன்னும் உண்டு. தண்ணீர் ஏன் இதைத் தூண்டுகிறது என்பது மருத்துவத்துக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அக்காவுக்குச் சோடா கொஞ்சம், மாத்திரை கொஞ்சம், மற்றது பழக்கம். வேகமாகக் குளிக்கிறாள், துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறாள், சில நாள் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. அந்த நாட்களில் அவள் சாமி அறைக்குள் போவதை யாரும் தடுப்பதில்லை. நாற்பது நிமிடம் இப்போது பதினைந்தாகியிருக்கிறது. போகவில்லை.

வள்ளுவர் வாய்மையைப் பேசும் அதிகாரத்தில் புறத்தூய்மையைத் தண்ணீரிடமும் அகத்தூய்மையை உண்மையிடமும் ஒப்படைக்கிறார். அதைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவன் நான். எங்கள் வீட்டில் அந்த இரண்டும் ஒரு பெண்ணிடம் வந்து முட்டிக்கொண்டன. அவள் உண்மை சொன்னாள். நாங்கள் அவளைக் குளிக்கச் சொன்னோம்.

மன்னிப்பு கேட்டேனா என்றால், ஒரு தடவை கேட்டேன். "விடுடா, உனக்கும் இன்னா தெரியும்?" என்றாள். அது மன்னிப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாதது தப்பில்லை. தெரியாமலே முடிவு சொன்னதுதான் தப்பு. அதை அவளும் தெரிந்துதான் அப்படிச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

இப்போது ஊருக்குப் போனால் அவள் குளித்துவிட்டு வரும்போது பின்கட்டில் திட்டின் மேல் உட்கார்ந்திருப்பேன். பேச மாட்டேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அவள் நடப்பாள். நடை கொஞ்சம் தளர்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்பேன்.

"இன்னிக்கு எவ்ளோ நேரம்க்கா?"

"பன்னெண்டு" என்பாள். சில நாள், "இருபது."

கையைக் காட்டு என்று கேட்பதில்லை.